தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

மூன்று மணி ஆகிவிட்டது. நாலு மணிக்கு லொரேன் வந்துவிடுவாள், அதற்குள் கவுனுக்கு இரண்டு பக்கமும் தைத்து, கீழ் ஓரம் மடித்து, இஸ்திரி போட்டு வைக்க வேண்டும், நான் என்னவென்றால் ஸ்பீக்கரில் பென்டிரைவைச் சொருகிவிட்டு எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசனை பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கட்டிலில் படுத்திருக்கிற மனுஷனுக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை போலிருக்கிறது, அங்கிருந்தே குரல் கொடுக்கிறார். "ஏய் ஜெசி, அந்தப் பொண்ணு வர்ற நேரத்துக்கு அந்தப் பிடிலை நிறுத்தித் தொலை. அவ அப்பன் வாசிச்சதுன்னு அவளுக்குத் தெரியாதா? என்னன்னு பதில் சொல்லுவே?" என்ன பதில் சொல்வேன் என்று நேற்றிலிருந்து நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதில் இவர் வேறு. ஆனால் நிறுத்துவதாவது? பிடில் இல்லாமல் என் கால் மிஷின் மிதியில் ஏறாது, அது இவருக்கும் தெரியும், முப்பத்தைந்து வருஷமாகக் குதிரைக்கு லாடம் அடிக்கிற சத்தம் என்று கிண்டல் பண்ணிப் பண்ணியே காது பழகிப்போன மனுஷன்தான். முதல் பாட்டையே வைத்தேன், சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது லொரேனுடைய அப்பா டென்சில் சார் தொண்டையைக் கனைப்பார், யாரோ ஒரு பொம்பளை சிரிப்பாள், தூரத்தில் யார்டில் ஒரு எஞ்சின் ஊதும், அப்புறம் வில் தந்தியில் விழும். அந்த எஞ்சின் சத்தத்துக்காகவே இந்தப் பாட்டு எனக்கு உசத்தி. இது அமெரிக்காவில் எந்த மலையிலோ பிறந்த பாட்டாக இருக்கட்டும், வாசித்தது பொன்மலையில், எங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரை மேல் நின்றுகொண்டு, பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்த ஒரு ஃபிட்டர். பாடுகிறவர் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, பிடிலும் பின்னால் டுக் சக் டுக் சக் என்று ஒரு கிட்டாரும்தான். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் பாட்டு எப்படிடீ புரியுது என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கேட்பாள். வார்த்தை இருந்தால்தானே அக்கா புரியாமல் போகும் என்பேன். கேசட் மேல் பாட்டுப் பெயர் எதுவும் எழுதவில்லை, அதனால் பெயர் வைத்ததும் நான்தான். இது எஞ்சின் பாட்டு. இரண்டாவது மழை வர்ற பாட்டு, இருட்டிக்கொண்டு வந்து சடசடவென்று கொட்டும். மூன்றாவது ஊஞ்சல் பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று மெதுவாக ஆடும், கையால் ஓரம் மடிக்க அதைவிட்டால் வேறு பாட்டு கிடையாது. நாலாவது கோழி விரட்டுற பாட்டு. பக்கத் தையலுக்கு அதுதான், நீளமாக ஓட்டலாம், பிடில் கீழ்க்குரலில் இரண்டு தடவை, மேல்குரலில் இரண்டு தடவை, ஒரு பக்கம் முடிந்திருக்கும். இந்த ஊரில் நாற்பது தையல்காரிகள் இருக்கிறார்கள், ஒருத்தி தைத்த பக்கத் தையலாவது என் தையல் மாதிரி ஒரே சீராக இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கட்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு.

கவுனைத் திருப்பிப் போட்டேன். நேவி ப்ளூ கிரேப் துணி, ஓரம் கொஞ்சம்கூட நையவில்லை. இதைத் தைத்ததே நான்தான், எண்பத்தொன்பதில், லொரேனுடைய அம்மா எஸ்மி ஆன்ட்டிக்கு, அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெர்த்துக்குக் கப்பல் ஏறுகிற மாதிரி ப்ளேன் ஏறுகிறபோது. அப்போது லொரேனுக்குப் பதினோரு வயசு, ரிப்பனும் முட்டியில் காயமுமாக ஓடிக்கொண்டிருந்தாள். நேற்றைக்கு அதே வாசலில் வந்து நின்றாள், நாற்பத்தாறு வயசு, தலையில் பாதி வெள்ளை, ஞாயிற்றுக்கிழமை கோவில் திருவிழாப் பூசைக்கு அம்மாவின் கவுனைப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். "ஜெசி அக்கா, மம்மி ஒல்லி, நான் பாருங்க எப்படி இருக்கேன்னு. லூஸ் பண்ண முடியுமா? இல்ல நோ சான்ஸா?" என்றாள். நான் கவுனை உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் துணி உள்ளே மடிந்து கிடந்தது. நான் எப்போதும் உள்ளே விட்டுத்தான் தைப்பேன், இன்றைக்கு ஒல்லியாக இருக்கிறவள் நாளைக்கும் அப்படியே இருப்பாளா, அவள் பெண்ணுக்கு ஆசை வராதா. முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்தத் துணி வெளியே வருகிறது, வெயில் படாத நீலம், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நீலம். லொரேன் அதைத் தடவிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, சும்மா பேச்சோடு பேச்சாக, அதைச் சொன்னாள். அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் வலது பக்கம் தைப்போம்.

டென்சில் சார் என்னை ஒரே ஒரு தடவை பாராட்டியிருக்கிறார். அதே வருஷம், என்னிடம் தைக்கக் கொடுத்த கோட்டின் கை நீளத்தைச் சரிபார்க்க வந்து நின்றவர், நான் யாருக்கோ பாவாடை ஓட்டிக்கொண்டிருந்தேன், அவர் ஷூக்காலால் தரையில் தட்ட ஆரம்பித்தார், என் மிதியோடு சேர்ந்து. நான் வெட்கத்தில் நிறுத்தப் போனேன். "நிறுத்தாதே மேன், நிறுத்தாதே. உன் கால் நல்லா டைம் வச்சிருக்கு. என் கிட்டார்காரனுக்கு இதில பாதி இருந்தாப் போதும்" என்றார். நகக்கண்ணில் கிரீஸ், தோளில் அரைகுறையாகத் தொங்குகிற கோட்டு, அந்த மனுஷன் அப்படிச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு டிசம்பரில் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு கவுன் கொடுக்கப் போனபோது ஜன்னல் வழியாக அவர் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலோ இந்தியர்களின் டான்ஸ், எங்களை உள்ளே விட மாட்டார்கள், சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்தான். பிடிலைத் தாடையில் இடுக்கிக்கொள்ளாமல் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு, வில்லை முழுசாக இழுக்காமல் நடுவில் ஒரு சாண் இடத்தை வைத்துக்கொண்டே முன்னும் பின்னும், முன்னும் பின்னும், ஒரே இழுப்பில் இரண்டு தந்தி பேசும், ஒன்று பாட்டைச் சொல்லும், ஒன்று சும்மா கூடவே நிற்கும். அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு. இனிமை என்று சொல்ல மாட்டேன். இனிமையைவிடப் பெரிசு அது, கால் தானாக எழும்பும். நான் வாசலில் நின்றபடி செருப்புக்காலால் தட்டினேன், டெலிவரி கவுன் கையிலேயே இருந்தது. இரண்டு ஜோடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் சாப்பாட்டு மேஜைப் பக்கம், அவரைக் கவனமாகக் கேட்டது வெளியே நின்ற நான் ஒருத்திதான் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

மழைப் பாட்டு வந்துவிட்டது. வலது பக்கம் முடிந்தது, நூலை வெட்டினேன். கோட்டு, ஆமாம், கோட்டு. இஸ்திரி போடும் முன்னால் பையைக் காலி பண்ணுவது எந்தத் தையல்காரிக்கும் பழக்கம், உள்பைக்குள் ஒரு கேசட், மேலே பென்சிலில் டென்சில் என்று மட்டும். எடுத்து அலமாரியில் வைத்தேன். கோட்டைக் கொடுக்கும்போது கேசட்டைக் கொடுக்க மறந்துவிட்டேன். இதில் என் தப்பு எதுவும் கிடையாது, இந்த இடம் வரைக்கும் நான் சுத்தம். ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, அவர்கள் பெர்த்தில் போய் இறங்கியிருந்தார்கள். கேட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன். முதல் எஞ்சின் ஊதியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு ஒன்பது ஜாக்கெட் தைத்தேன், இவர் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, யாரைக் கூட்டிட்டு வந்து தைச்சே என்று கேட்டார். யாரை என்று நான் சொல்லவில்லை.

அறுந்ததும் அந்த வருஷமே. கோழிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது டேப் ரிக்கார்டர் நாடாவை இழுத்துச் சுருட்டிக்கொண்டது, நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன், பட்டென்று போனது. என் விரல் அறுந்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், நான் யார், தையல்காரி, இரண்டு துண்டை ஒன்றாக்குவதுதானே என் வேலை. பிசிறு கிடையாது, நேராகத்தான் அறுந்திருந்தது. துணிக்கு விடுகிற மாதிரியே தையலுக்கு அரை இஞ்ச் விட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டி, நகத்தால் தேய்த்து, ஓரத்தை நூல் கத்திரியால் சீவினேன். போட்டுப் பார்த்தால் ஓடியது. ஒட்டின இடத்தில் ஒரு சின்னத் தாவல், அவ்வளவுதான், படி இறங்கும்போது ஒரு படியைத் தாண்டுகிற மாதிரி. கிட்டாரும் பிடிலும் சேர்ந்தே தாவும். நான் என் காலுக்கும் அந்தத் தாவலைச் சொல்லிக்கொடுத்தேன், மேல்குரல் இரண்டாம் தடவையில் அந்த இடம் வந்தால் கால் தானாக ஒரு துள்ளு துள்ளிவிட்டு ஓடும். போன வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இதைப் பென்டிரைவில் ஏற்றும்போது அந்தத் தம்பியிடம் கேட்டேன், எங்கேயாவது ஒட்டு தெரிகிறதா என்று. "எங்கக்கா? ஒண்ணும் தெரியலையே" என்றான். தெரியாது. நான் போட்ட ஒட்டு அப்படி.

இதோ ஊஞ்சல் பாட்டு, கீழ் ஓரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன், வாயில் நாலு குண்டூசி. குண்டூசி வாயில் இருந்தால் அந்த நாள் வந்துவிடும், எத்தனை வருஷமானாலும் வந்துவிடும். அடுத்த கிறிஸ்துமஸ், ஸ்டெல்லா அக்காவுக்கு அளவு வைத்துக் குத்திக்கொண்டிருக்கிறேன், அவள் கையில் பெர்த்திலிருந்து வந்த கடிதம், எஸ்மி ஆன்ட்டி எழுதியது, வாசித்து வாசித்துத் தமிழில் சொல்கிறாள். அங்கே கிறிஸ்துமஸுக்கு வெயில் கொளுத்துகிறதாம், லொரேன் பள்ளிக்கூடம் போகிறாளாம், அப்புறம், "டென்சிலோட கேசட் ஒண்ணு அங்க யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டிருக்கா. ஜெசி, கோட்டு உன்கிட்டதானே குடுத்தாங்க, நீ பார்த்தியாடீ?" என் வாயில் குண்டூசி இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். பேசவில்லை, தலையைத்தான் ஆட்டினேன், வாயில் ஊசியோடு யாரால் பேச முடியும். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை, ஏனென்றால் நான் பொய் பேசவில்லை. ஏன் ஆட்டினேன்? அறுத்து ஒட்டினது தெரிந்துவிடுமே என்றா? இல்லை, ஒட்டு பிரமாதமான ஒட்டு. கொடுத்துவிட்டால் எனக்கு இருக்காது, அதுதான். அவர்களுக்கு என்ன, மனுஷனே கூட இருக்கிறார், நினைத்தபோது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம், எனக்கு இந்தக் கேசட்டை விட்டால் யார் வாசிப்பார்கள். அப்படித்தான் நினைத்தேன். நேற்று வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று லொரேன் கவுனைத் தடவிக்கொண்டே சொன்னாள். "டாடி அங்க போய் பிடிலைத் தொடவே இல்லக்கா, தெரியுமா? போறதுக்கு முன்னாடியே வித்துட்டார். டேப்ல இருக்கு, அது போதும்னு. அந்த டேப்பும் எங்கயோ போச்சு. எட்டு வருஷம் ஆச்சு அவர் போய். அவர் வாசிச்சது ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல." சும்மாதான் சொன்னாள், என்னை உற்றுப் பார்க்கக்கூட இல்லை. நான் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றேன், சுருட்டி முடிந்தது, திரும்ப அவிழ்த்தேன், திரும்பச் சுருட்டினேன். கேசட் அவளுக்கு இரண்டடி தூரத்தில் பட்டன் டப்பாவுக்குள் இருந்தது. நேற்று வாயில் ஊசி எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஓரம் முடிந்துவிட்டது. இடது பக்கம் ஒன்றுதான் பாக்கி, கோழிப் பாட்டு இன்னும் வரவில்லை, ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கிறது. என் மகள் போனில் இந்த மாதிரிப் பிடில் வீடியோக்களைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து எல்லாரையும் கேட்டாகிவிட்டது, தொப்பி போட்ட கிழவர்கள், ஐந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பவர்கள், ஒருத்தி மாட்டுக்கொட்டகை வாசலில் வெறுங்காலோடு நின்று என்ன போடு போடுகிறாள், அடேயப்பா. ப்ளூகிராஸ் என்று பெயராம், நீலப் புல்லாம், எந்த ஊரில் புல் நீலமாக முளைக்கிறதோ. நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன், கண்ணை மூடினால் அவர்களும் நம் ஒர்க்‌ஷாப் ஆட்கள் மாதிரியே, வேலை முடிந்து கை கழுவிவிட்டு வந்து வாசிக்கிற வாசிப்பு. ஒரு வெள்ளைத் தாடிக்காரர் கோழிப் பாட்டையே வாசித்தார். துள்ளிக் குதித்தேன், இவரைக்கூட எழுப்பிக் காட்டினேன். ஆனால் மேல்குரல் இரண்டாம் தடவையில் தாவ வேண்டிய இடத்தில் அவர் தாவவில்லை, நின்று, வில்லைத் திருப்பி, இரண்டு ஸ்வரம் கூடுதலாகப் போட்டார். என் கால் இடறியது. டென்சில் சார் இப்படியா வாசிப்பார், அலட்டல் பேர்வழி என்று போனை அணைத்துவிட்டேன். அப்புறம் வேறு மூன்று பேர் வாசித்ததையும் கேட்டேன், நாலு பேரும் அதே இடத்தில் அதே அலட்டல். நாலு பேரும் தப்பாக வாசிக்கிறார்களே, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று அவர்கள் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

கோழிப் பாட்டு. வந்துவிட்டது. துணியை ஊசிக்குக் கீழே வைத்தேன், சக்கரத்தைத் தட்டினேன், கால் ஏறியது. சத்தத்தைக் கூட்டினேன், ஏன் கூட்டினேன் என்று தெரியவில்லை, கை போய்க் கூட்டியது. கீழ்க்குரல் ஒரு தடவை, கீழ்க்குரல் இரண்டு தடவை, நீலத் துணி ஓடுகிறது, பழைய நீலமும் புது நீலமும் பக்கத்தில் பக்கத்தில். மேல்குரல். தலை நிமிர்ந்தால் லொரேன் கேட்டில் கை வைத்தபடி நிற்கிறாள். திறக்கவில்லை. மணி நாலுகூட ஆகவில்லை, இந்த ஆங்கிலோ இந்தியக்காரர்கள் எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள். உள்ளேயிருந்து இவர் கட்டிலை விட்டு இறங்குகிற சத்தம். நிறுத்து, ஜெசி, நிறுத்து, இப்போதுகூட நிறுத்தலாம், போனில் ஏதோ பாட்டு என்று சொல்லிவிடலாம். நிறுத்தவில்லை. தையல் பாதியில் இருக்கிறது, தையலைப் பாதியில் நிறுத்துகிறவள் நான் இல்லை. லொரேன் வாய் அசைகிறது. பாட்டோடு சேர்ந்து முனகுகிறாள், மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஸ்வரம் தப்பவில்லை, பதினோரு வயசில் கேட்டதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாளோ. மேல்குரல் இரண்டாம் தடவை. அந்த இடம். பாட்டு தாவியது, என் கால் தாவியது. லொரேன் தாவவில்லை. அவள் நின்று, திரும்பி, இரண்டு ஸ்வரம் போட்டாள், தாடிக்காரர் போட்ட அதே இரண்டு. அதற்குள் அவள் அப்பா அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். கண்ணைத் திறந்தாள்.

மிதியிலிருந்து என் கால் தானாக இறங்கியது. தையல் இன்னும் ஒரு சாண் பாக்கி.

"அக்கா, இது டாடி" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. கேட்டைத் திறந்து வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாள். "ஆனா இங்க ஒண்ணு குறையுதே. இங்க ரெண்டு நோட்டு வரணும். டாடிக்கு எப்பவுமே வரும்."

தாடிக்காரரே, மன்னிக்க வேண்டும். நாலு பேரும் மன்னிக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக டென்சில் சாரை நொண்ட வைத்துவிட்டு, அந்த நொண்டலுக்குத் தாளம் போட்டுக்கொண்டு, ஊரில் என்னைப்போல் கேட்கிறவள் உண்டா என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன். நல்ல டைம் வைத்த காலாம். அவமானமாக இருந்தது, அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. பட்டன் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன்.

"எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?"

"நீங்க போன நாள்லேர்ந்து."

"மம்மி கேட்டு லெட்டர் போட்டாளே."

"கேட்டாங்க. என்கிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், அந்த வாக்கியத்தில் குண்டூசியே இல்லை.

லொரேன் முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும். அவள் கேசட்டை வாங்கி, பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே நின்றாள். ஸ்பீக்கரில் அவள் அப்பா அடுத்த பாட்டுக்குத் தொண்டையைக் கனைத்தார். "அந்த ரெண்டு நோட்டு போச்சா அக்கா?" என்று கேட்டாள், குரல் பதினோரு வயசுக் குரலாக இருந்தது.

போச்சா என்று கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. கை மிஷின் மேல் கிடந்த கவுனுக்குப் போனது, வெளியே வந்திருந்த அந்தப் புது நீலத்தைப் பிடித்தேன். நான் வெட்டவில்லை. நான் எதையும் வெட்டி எறிந்தவள் இல்லையே. "போகலைம்மா" என்றேன். "உங்கப்பா வாசிச்சது எதுவும் போகலை. அறுந்துபோச்சு, ஒட்டினேன், துணின்னு நினைச்சு அரை இஞ்ச் உள்ள விட்டு ஒட்டிட்டேன். அந்த ரெண்டும் அடியில மடிஞ்சு கிடக்கு. இந்தக் கவுன் மாதிரிதான். பிரிச்சா வந்துரும்."

லொரேன் என்னைப் பார்த்தாள், கவுனைப் பார்த்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "பிரிங்க" என்றாள். உள்ளேயிருந்து இவர் பரணில் கிடந்த பழைய டேப் ரிக்கார்டரைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து நிற்கிறார், "பிரிச்சு எதுல போடுவே? பென்டிரைவுலயா?" என்று ஒரு முறைப்பு. நான் பென்சிலைக் கேசட்டின் பல்லில் விட்டு, ஒட்டு வெளியே வரும் வரைக்கும் மெதுவாகச் சுற்றினேன். மஞ்சளாகப் பழுத்த செலோடேப், கீழே என் அரை இஞ்ச். பிளேடை எடுத்தேன். நாற்பது வருஷமாகத் தையல் பிரிக்கிற கை இது.